விளக்கு மட்டும் எரியுது

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீ, உன் முழங்கால், உன் பூனை, மூவரும் சுகமா? நான் சுகம். இருமல் மட்டும் பழைய குடித்தனக்காரனைப்போலக் காலி செய்ய மாட்டேன் என்கிறது.

அக்கா, கையெழுத்தைப் பார். இத்தனை வருஷமாக என் கடிதங்களை எழுதித்தந்த மருந்துக்கடைக்காரரின் கையெழுத்தா இது? அவருடையது எறும்பு மையில் விழுந்து நடந்ததுபோல் இருக்கும். இது யானை நடந்ததுபோல் இருக்கிறதா? அப்படியானால் அது நான்தான்.

உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். நூலகத்தின் பின்னறையில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தருகிறார்கள். போன மழைக்காலத்திலிருந்து போகிறேன். பெஞ்சு சின்னப் பிள்ளைகளுடையது. உட்கார்ந்தால் முட்டி மோவாயைத் தொடும். பரவாயில்லை. ஆயுள் முழுக்க லிஃப்டுக்குள் ஸ்டூலில் உட்கார்ந்து பித்தானை அமுக்கினவன்தானே நான். எண்கள் எனக்கு நன்றாகத் தெரியும். எந்த மாடியில் என்ன ஆபீஸ் என்று எழுதிய பலகைதான் கடைசிவரை வெறும் கிறுக்கல். மேலே போனேன், கீழே வந்தேன். இப்போதுதான் முதல்முறையாக இடமிருந்து வலமாகப் போகிறேன்.

இந்தப் பக்கத்தை முடிக்கப் பல நாள் ஆயிற்று. கை வலிக்கிறது. சந்தோஷமான வலி. பதில் எழுது. நானே படிப்பேன்.

உன் தம்பி
(இதுவும் நானே எழுதியது)


ஜனவரி 28

தம்பிக்கு அக்காவின் ஆசி.

முழங்கால் இருக்கிறது. பூனை என்னைவிடச் சௌக்கியம். இருமலுக்கு வெந்நீர் குடி, மருந்துக்கடையில் காசைக் கொட்டாதே.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். யானைதான், சந்தேகமில்லை. ஆனால் நேராக நடந்திருக்கிறது. நம் அம்மா இருந்திருந்தால் தெருவெல்லாம் காட்டியிருப்பாள். நான் காட்டவில்லை. பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல். இதை நீ மட்டும்தான் படிக்கிறாயா? பக்கத்தில் யாரும் எட்டிப் பார்க்கவில்லையே? நீ சத்தமாகப் படிக்கும்போது யாராவது கேட்கிறார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

என் மகன் போன வாரம் வந்தான். வழக்கமான பல்லவிதான். "இந்த வீட்டை வித்துட்டு என்கூட வந்துரும்மா, அடுக்குமாடியில உனக்குன்னு ஒரு ரூம் இருக்கு" என்றான். நானும் வழக்கம்போல, "உங்கப்பா வந்தா வீட்டுல யார்டா இருப்பா?" என்றேன். காபியை ஆற விட்டுவிட்டுப் போய்விட்டான். அவன் தொட்டிலில் கிடந்தபோது வேலைக்கென்று கிளம்பிப் போன மனுஷர். அந்தப் பேச்சு வந்தால் அவனுக்கு மறுபேச்சு வராது.

இங்கே மழை இல்லை.

அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆசை. நான் மட்டும்தான் படிக்கிறேன். சத்தமாகத்தான் படிக்கிறேன், ஆனால் அறையில் பல்லி மட்டும்தான் இருக்கிறது. அது யாரிடமும் சொல்லாது.

நேற்று ஒரு பெரிய விஷயம் நடந்தது. டீச்சர் கரும்பலகையில் ஒரு பாட்டை எழுதினார். எல்லோருக்கும் மனப்பாடமான பாட்டென்றால் எழுத்து தானாக வாயில் வந்து விழும் என்பது அவருடைய தந்திரம். சின்னப் பெண், கெட்டிக்காரி. என்ன பாட்டு தெரியுமா? நம் பாட்டு. உன் பாட்டு. வயல் வேலையிலும் பஸ்ஸிலும் ரேடியோவிலும் கேட்டுக் கேட்டுக் காது தேய்ந்துபோன பாட்டு. முதல்முதலாக அதைக் கண்ணால் பார்த்தேன். உனக்கும் எழுதிக் காட்டுகிறேன், நீ பார்த்திருக்கமாட்டாய்:

அக்கரை போன தோணி ஒன்று
ஆளில்லாமல் திரும்புது
வாசல் திறந்த வீட்டுக்குள்ளே
விளக்கு மட்டும் எரியுது
காற்றே காற்றே சொல்லிப் போ
கதவு யாருக்குத் திறந்தது?

படித்து முடித்ததும் எங்கள் வகுப்பில் படிக்கும் வாட்ச்மேன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம்யா அந்தப் பொண்ணு. புருஷன் செத்துட்டான், அது தெரியாம வெளக்க ஏத்தி வச்சுக் காத்துக்கிட்டு இருக்கு" என்றார். டீச்சர், "அது ஒரு அர்த்தம். எனக்கு என்னவோ தோணிங்கறது உடம்பு, வெளக்குங்கறது உயிர்னு தோணுது" என்றார். நான் எழுந்து நின்று, "என் அக்கா அப்படித்தான் காத்திருக்காங்க. எங்க தெருவுல அவங்களைப் பாத்தாலே இந்தப் பாட்டைத்தான் முணுமுணுப்பாங்க" என்று சொன்னேன். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

என் பக்கத்துப் பெஞ்சில் ஒரு தையல்காரம்மா உட்காருவார். துணி வெட்டுகிறவர், ஆகவே எதையும் சட்டென்று வெட்டித்தான் பேசுவார். "நான் ஒத்துக்கமாட்டேன்" என்றார். "ஏன்?" என்று கேட்டால், "அடுத்த வாரம் சொல்றேன், இன்னிக்குப் பட்டன் கட்டுற வேலை கிடக்கு" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்குத் தூக்கமே வரவில்லை. எனக்குப் பெண்சாதி செத்துப்போனதுபோல அந்த அம்மாவுக்கும் புருஷன் இல்லை. மூக்குக் கண்ணாடியை நூலால் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்.

தம்பி


மார்ச் 4

தம்பிக்கு,

சுகமே. உன் சுகத்துக்கு என் ஆசி.

பாட்டைப் பார்த்தேன். எழுத்துப்பிழை இல்லை.

அதைப்பற்றி வகுப்பில் பேசியது போதும். அந்தப் பாட்டை எனக்குச் சூட்டியது நான் இல்லை, தெரு. சூட்டியது சூட்டினதாகவே இருக்கட்டும். ஆறின பாலைக் கிளறினால் ஆடைதான் கிழியும்.

உன் கடிதத்தில் உன் உடம்பைப்பற்றி ஒரு வரி. தையல்காரம்மாவின் கண்ணாடி நூல்வரைக்கும் ஒரு பத்தி. நான் கேட்கவில்லை, கவனித்தேன்.

அக்கா


மார்ச் 26

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலுக்கும் பூனைக்கும் என் விசாரிப்புகள். எனக்கு இருமல்கூடக் குறைந்துவிட்டது.

கோபித்துக்கொள்ளாதே, பாட்டைப்பற்றித்தான் எழுதப்போகிறேன். கேட்டால் நீயே கிளறு கிளறு என்பாய்.

தையல்காரம்மா வந்தார். கரும்பலகைப் பக்கம் போய், அளவுக்கோலை எடுத்து ஒவ்வொரு சொல்லாகத் தட்டினார். "தோணி இருக்கு. வீடு இருக்கு. வெளக்கு, கதவு, காத்து எல்லாம் இருக்கு. பொண்ணு எங்க? காட்டுங்க பாப்போம்" என்றார்.

தேடினோம் அக்கா. விரலை வைத்து எழுத்தெழுத்தாகத் தேடினோம். இல்லை! ஆறு வரியிலும் பெண் என்று ஒரு சொல் இல்லை. அழுகை என்றும் இல்லை, காத்திருத்தல் என்றும் இல்லை. எல்லாம் நாமாகப் போட்டுக்கொண்டது.

"அப்ப அவ எங்கம்மா?" என்று வாட்ச்மேன் பதறினார்.

"போயிட்டா. வெளக்கு 'மட்டும்' எரியுதுன்னு எழுதியிருக்கே. அவ இருந்தா ஏன் 'மட்டும்'?"

"எங்க போனா?"

"அது அவ இஷ்டம். உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் போகணுமா?"

"அப்ப தோணி? ஆளில்லாம வந்துச்சே, அவன் செத்ததாத்தானே அர்த்தம்?"

"பஸ்ஸுல ஆளு எறங்கினா பஸ்ஸு காலியாத்தான் திரும்பும். எறங்கினவன் எல்லாம் செத்தா போயிட்டான்? காலித் தோணி வர்றது அடுத்த ஆளை ஏத்திக்கத்தான்யா."

வகுப்பே வாயைப் பிளந்தது. டீச்சர் சிரித்தார். "எனக்கு இன்னும் தோணி உடம்புதான். ஆனா உங்க அர்த்தத்துலதான் காத்து நல்லா வருது" என்றார். வாட்ச்மேனுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. இத்தனை வருஷம் அழுததைத் திருப்பிக் கேட்பவர்போல உட்கார்ந்திருந்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பாட்டு சோகப் பாட்டே இல்லை, அது முரண்டுபிடித்த ஒருத்தியின் பாட்டு! அன்றே உட்கார்ந்து உன் மகனுக்கும் இதையெல்லாம் ஒரு கடிதமாக எழுதிப் போட்டுவிட்டேன். "மாப்பிள்ளை, உன் அம்மா இனி யாருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை, பாட்டிலேயே அவள் கிளம்பிப் போய்விட்டாள்" என்று முடித்தேன். முடிவு நன்றாக வந்திருக்கிறது, இல்லையா? கலியாணப் பத்திரிகை கொடுப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துத் தபால்காரரிடம் கொடுத்தேன்.

தம்பி


ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? உன் பதில் வரவில்லை. தபால்காரர் என் வாசலைத் தாண்டும்போது சைக்கிள் மணியைக்கூட அடிப்பதில்லை.

நேற்று உன் மகன் என் அறைக்கு வந்தான். கைநிறையப் பழம். வந்ததும் என்னைக் கட்டிப்பிடித்தான்.

"மாமா, நான் இத்தனை வருஷமாச் சொல்லி நடக்காததை நீங்க ஒரே கடுதாசியில நடத்திட்டீங்க."

"என்ன மாப்பிள்ளை நடந்துச்சு?"

"அம்மாகிட்டப் படிச்சுக் காட்டினேன். 'உன் தம்பியே சொல்லிட்டாரு, அந்தப் பாட்டுப் பொம்பளையே எந்திரிச்சுப் போயிட்டா, நீ மட்டும் ஏன்'னு கேட்டேன். ஒரு வார்த்தை பேசல."

"அழுதாளா?"

"இல்ல. பேசலன்னா சம்மதம்தானே. ஜூன் மாசம் முதல் வாரம் லாரி சொல்லியிருக்கேன். வீட்டை வாங்க ஆளும் பாத்தாச்சு."

பழத்தை உரித்து என் கையில் கொடுத்தான். நல்ல பிள்ளை அக்கா, உன்னை நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் நினைக்கிறான். ஆனால் அந்தப் பழத்தை நான் தின்னாமல் ஜன்னலில் வைத்துவிட்டேன். நீ பேசாமல் இருந்தாய் என்றால் எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் நீ பேசாமல் இருந்தால் அம்மாவே அடுக்களைக்குள் போய் ஒளிந்துகொள்வாள்.

நான் என்ன செய்துவிட்டேன்? திட்டியாவது எழுது.

தம்பி


மே 7

தம்பிக்கு,

நலம் விசாரிக்க இன்று எனக்கு மனமில்லை. ஆனாலும் கேட்கிறேன், இருமல் எப்படி இருக்கிறது?

இதைக் கதவைச் சாத்திக்கொண்டு படி. சத்தம்போட்டுப் படிக்காதே. வாய்க்குள் படிக்கத் தெரியாது என்றால், கற்றுக்கொண்டு வந்து பிறகு படி.

இத்தனை வருஷமும் நான் எழுதியவை உனக்கு எழுதிய கடிதங்களே அல்ல. மருந்துக்கடைக்காரருக்கும், அவர் படிக்கும்போது மாத்திரை வாங்க நின்றவர்களுக்கும் எழுதியவை. அதனால்தான் அவற்றில் முழங்காலும் மழையும் மட்டும் இருந்தன. உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான்.

உன் அத்தான் இருந்தவரை இந்த வீட்டு வாசல்கதவு திறந்து கிடந்ததே இல்லை. வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போவார். ஒருநாள் நான் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். மறுநாளே அந்தத் தாழ்ப்பாளைத் திருகிக் கழற்றி எறிந்தார். எப்போது வந்தாலும் கதவு தள்ளினால் திறக்க வேண்டுமாம். மற்றதை எழுத வேண்டாம். உனக்குப் புரியும்.

போன அன்று அவர் பூட்டவில்லை. மறந்தாரோ, இனி எதற்கு என்று விட்டாரோ. நான் கதவை அகலத் திறந்து வைத்தேன். காற்று வந்தது. தொட்டிலில் கிடந்தவன் சிரித்தான். தம்பி, கதவு காற்றுக்காகத் திறந்தது. அவ்வளவுதான். வேறு யாருக்காகவும் இல்லை.

எதிர்வீட்டுக்காரி பார்த்தாள். "பாவம், வழிபாத்து நிக்கிறா" என்றாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நம் பெரியப்பா படியேறி வந்தார். "சின்னப் பொண்ணு தனியா இருக்கப்படாது. வீட்டை வித்துட்டு எங்ககூட வா, உனக்கு வேற இடம் பாக்கிறோம்" என்றார். வேறு இடம் என்றால் வேறு பூட்டு. "அவரு வருவாரு பெரியப்பா" என்றேன். அவ்வளவு பெரிய மனுஷர் வந்த படியிலேயே இறங்கிப் போனார். காத்திருக்கிறவளை யாரும் அசைக்க மாட்டார்கள் என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். பிறகு தெரு அந்தப் பாட்டைப் பாட ஆரம்பித்தது. பாடிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டேன். அந்தப் பாட்டுதான் எனக்குச் சுவர்.

சும்மா கிடைக்கவில்லை அந்தச் சுவர். காத்திருக்கிறவள் கதவைத் தாழிடக் கூடாதே. இன்றுவரை தகரப்பெட்டியை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் படுக்கிறேன். காத்திருக்கிறவள் ஊர் சுற்றவும் கூடாது. உன் கலியாணத்துக்கு வந்தவள் அன்று சாயங்காலமே திரும்பினேன், நீ முகம் தூக்கி வைத்துக்கொண்டாய். காரணத்தை எழுதிச் சொல்லியிருப்பேன். உனக்குப் படிக்கத் தெரியவில்லை.

என் மகனுக்கு இது எதுவும் தெரியாது. பார்க்காத அப்பாவை நல்லவர் என்று நினைத்து வளர்ந்தான். அதை அவனிடமிருந்து பிடுங்க மனம் வரவில்லை. இப்போது இந்த வீட்டை விட்டுப் போகமாட்டேன் என்றால் காரணம் கேட்பான். நான் வைத்திருந்தது ஒரே காரணம். அதை நீ உன் யானை எழுத்தால் மிதித்துவிட்டாய்.

தையல்காரம்மா சொன்ன அர்த்தம் தப்பில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

அக்கா


மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

வாய்க்குள்தான் படித்தேன். கதவைச் சாத்திவிட்டுத்தான் படித்தேன். பல்லியைக்கூட விரட்டிவிட்டேன்.

தெரிந்த எழுத்தெல்லாம் போதவில்லை. அத்தானுக்கு நான் ஒருமுறை புதுச்சட்டை வாங்கிக் கொடுத்தேன். அந்தச் சட்டை இப்போது எங்கே இருந்தாலும் கிழியட்டும்.

இனி உன்னைக் கேட்காமல் யாருக்கும் ஓரெழுத்துகூட எழுதமாட்டேன். ஆகவே இப்போது கேட்கிறேன். ஒரு பொய் எழுதட்டுமா? அத்தானைப்போல ஒருவரைப் பஸ்நிலையத்தில் பார்த்தேன், விசாரித்தால் ஊருக்குத் திரும்பப்போவதாகச் சொன்னார் என்று மாப்பிள்ளைக்கு எழுதுகிறேன். உன் சுவர் மறுபடி நிற்கும். என் எழுத்தால் இடிந்தது என் எழுத்தாலேயே எழும்பட்டும். நீ சரி என்று ஒரு கார்டு போட்டால் போதும்.

அதுவும் வேண்டாம் என்றால் லாரிக்கு முன்னால் வந்து நான் படுத்துக்கொள்கிறேன். என் இருமலைக் கேட்டால் டிரைவர் வண்டியை விட்டுவிட்டு ஓடிவிடுவான்.

நீ சொன்னதைத் தையல்காரம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. "அக்கா என்ன எழுதியிருக்காங்க?" என்று கேட்டார். "முழங்கால்" என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "நல்ல தம்பி" என்றார்.

தம்பி


ஜூன் 9

தம்பிக்கு அக்காவின் ஆசி. சுகமாக இருக்கிறேன். சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை, நிஜமாகவே.

பொய் வேண்டாம். ஒரு பொய்யை இத்தனை வருஷம் சோறுபோட்டு வளர்த்தேன், போதும். இன்னொன்றை வளர்க்க எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் கார்டு போடவில்லை.

லாரி வந்தது. லோடுமேன்கள் இரண்டு பேர். முதலில் தூக்கியதே தகரப்பெட்டியைத்தான்.

"அம்மா, கிளம்பு" என்றான் மகன்.

"எங்கடா?"

"வெளையாடாதம்மா. மாமாவே எழுதிட்டாரு. இன்னும் யாருக்காக இங்க ஒக்காந்திருக்கே?"

"எனக்காக."

"அப்பாவுக்காகன்னுதானே இவ்வளவு நாளும்..."

"உங்கப்பாவுக்காக நான் ஒருநாள்கூடக் காத்திருக்கலடா."

லோடுமேன்கள் பெட்டியோடு அப்படியே நின்றார்கள். "இறக்கி வைங்கப்பா, கனக்கும்" என்றேன். எதிர்வீட்டுக்காரியின் மருமகள் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள். நிறுத்தட்டும், நன்றாகக் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகப் பேசினேன்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. "அப்பா கெட்டவராம்மா?" என்று கேட்டான். சின்னப் பிள்ளையில் கேட்டதுபோலவே கேட்டான். "இந்தக் கதவோட உள்பக்கத்தைத் தடவிப் பாரு" என்றேன். தடவினான். பெயின்டுக்கு அடியில் திருகாணி இருந்த ஓட்டைகள் விரலில் தட்டின.

"தாழ்ப்பாள் எங்க?"

"உங்கப்பா கழட்டிட்டாரு. பூட்டு வெளியில இருந்துச்சு. நான் உள்ள இருந்தேன்."

ஓட்டைகளின்மேல் விரலை வைத்தபடியே நின்றான். அப்புறம், "அப்ப அந்தப் பாட்டு?" என்றான்.

"பாட்டு நல்ல பாட்டுதான்டா. நான்தான் அதுக்குள்ள இல்ல."

லாரிக்காரனை அவனே அனுப்பிவிட்டான். வந்த லாரி வெறுமையாகத் திரும்பிற்று. அதற்கும் யாராவது பாட்டுக் கட்டுவார்கள். மகனும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டான். இன்னும் ஒரு தகவலும் இல்லை. மனசு அடித்துக்கொள்கிறதுதான். ஆனாலும் அவன் கோபம் அவனுடையது. கதவு என்னுடையது.

மறுநாள் தச்சரைக் கூப்பிட்டு உள்தாழ்ப்பாள் போட்டேன். பித்தளை. "பழைய ஓட்டையிலயே மாட்டிடவா?" என்றார். "வேணாம், புதுசாத் துளை போடுங்க" என்றேன். தகரப்பெட்டி இப்போது சுவரோரம் இருக்கிறது. அதன்மேல் பூனை படுக்கிறது.

அக்கா


ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகம், சுகம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அறைக்குள் நடந்துகொண்டே இருந்தேன். கீழ்வீட்டுக்காரர் வந்து என்ன சத்தம் என்று கேட்டார். "என் அக்கா தாழ்ப்பாள் போட்டுட்டாங்க" என்றேன். பயந்துபோய் இறங்கிவிட்டார்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். நீ முன்னமே கவனித்துவிட்டாய், ஆகையால் சுற்றி வளைக்கவில்லை. தையல்காரம்மாவும் நானும் அடுத்த மாதம் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடப்போகிறோம். நான்தான் கேட்டேன் என்று எழுத ஆசை. அவர்தான் கேட்டார். "தோணி காலியா நிக்குது, ஏறுறீங்களா இல்ல நான் தள்ளிவிட்டுட்டுப் போகவா?" என்றார். ஏறிவிட்டேன்.

வீட்டுக்காரர், "இந்த வயசுல என்னய்யா கூத்து இது? வயசு என்னன்னு தெரியுமா?" என்று கேட்டார். "எனக்கு எழுத்துதான் லேட்டு, நம்பர் எப்பவோ தெரியும்" என்றேன். வேறு வீடு பார்க்கச் சொல்கிறார். பார்ப்போம். அவருடைய மாடிக்கு லிஃப்டும் கிடையாது.

விண்ணப்பம் கொடுக்கப் போனபோது குமாஸ்தா எங்கள் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே கைநாட்டு மைப்பெட்டியை எங்கள் பக்கம் நகர்த்தினார். தையல்காரம்மா ஒரு விரலால் அதை அவர் பக்கமே திருப்பி நகர்த்தினார். பிறகு இருவரும் எழுதினோம். மெதுவாகத்தான் எழுதினோம். பின்னால் வரிசை நின்றது. நிற்கட்டும்.

பதிவு முடிந்ததும் ஜூலை 19 சாயங்கால பஸ்ஸில் உன்னைப் பார்க்க வருகிறோம். வரலாமா?

தம்பி


ஜூலை 5

தம்பிக்கும், இனிமேல் என் தம்பி பெண்சாதிக்கும் ஆசி.

வாருங்கள். முன்னைப்போல நேரே உள்ளே நுழையாதே. கதவைத் தட்டு. யாரென்று கேட்டுவிட்டுத்தான் திறப்பேன். வீட்டில் இருந்தால் திறப்பேன்.

மகனிடமிருந்து ஒரு கார்டு வந்தது. "தாழ்ப்பாள் கெட்டியா இருக்காம்மா?" என்று ஒரே ஒரு வரி. இருக்கிறது என்று பதில் போட்டேன்.

அக்கா


ஜூலை 19, உன் வாசற்படி

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகமாக வந்து சேர்ந்தோம். நீ எங்கே?

தட்டினோம். "யாரு?" என்று நீ கேட்டால் என்ன சொல்வதென்று பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்தோம். யாரும் கேட்கவில்லை. அப்புறம்தான் பார்த்தேன், வெளியே பூட்டுத் தொங்குகிறது. இந்தமுறை சாவி உன்னிடம்.

எதிர்வீட்டு மருமகளைக் கேட்டேன். "இப்பல்லாம் அவங்க சாயங்காலமானா கிளம்பிடறாங்க. எங்கன்னு கேட்டேன், 'சும்மா'ன்னு சொன்னாங்க" என்றாள். சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஜன்னல் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். பெட்டிமேல் பூனைகூட இல்லை. விளக்கு மட்டும் எரிகிறது. உன் தம்பி பெண்சாதி என் தோளைத் தட்டி, "பாத்தீங்களா?" என்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

இதைக் கதவிடுக்கில் செருகி வைக்கிறேன். அவசரமே இல்லை, மெதுவாக வா. உன் படியில் உட்கார்ந்து நாங்கள் காத்திருக்கிறோம். தெருவில் யாராவது அந்தப் பாட்டை ஆரம்பித்தால், அது எங்களைப் பார்த்துத்தான். உன்னை இல்லை.

உன் தம்பி
(கீழே இருப்பது அவள் கையெழுத்து. என்னுடையதைவிட நன்றாக இருக்கிறதென்று சொல்லிவிடாதே.)